அடுத்த வரிக்குப் போ

2011 செப்டம்பர் 4, ஞாயிறு

இன்று அப்பாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம். அக்கா வந்தாள், அத்தான் வந்தார், ஐயர் வந்தார். வேறு யாரும் வரவில்லை. சமையல்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தெருவுக்குப் போதுமான சோறு வடித்துவைத்திருந்தார். அத்தானும் நானும் அதை ஆட்டோவில் ஏற்றி முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்த டைரி மெடிக்கல் கடையில் ஜனவரியில் கொடுத்தது. இத்தனை நாள் எழுத ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

மில் காலனியில் ஒருவர் இறந்தால் ஊருக்குத் தெரிவதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட், அதில் ‘இரங்கல்’ என்று ஒரு பக்கம். வாசகசாலை ஜன்னலில் ஒரு மானிட்டரை வெளியே பார்க்க வைத்து, அந்தப் பக்கத்தை நாள் முழுக்க ஓடவிட்டிருப்பார்கள். பால் பூத்துக்குப் போகிற எல்லோரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. பெயர், வயது, வீட்டு எண், எடுக்கும் நேரம். மில் மூடிப் பத்து வருஷம் ஆன பிறகும், திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற காலனிப் பிள்ளைகள்கூட அதைப் பார்த்துத்தான் துக்கம் விசாரிக்கிறார்கள்.

அப்பா பெயர் அதில் வரவில்லை. சங்கச் செயலாளர் தனுஷ்கோடிக்கு, அப்பா இறந்த அன்று விடிகாலையில் நானே போன் செய்து சொன்னேன். “சரிப்பா” என்றான். அதோடு சரி. சாயங்காலம் அமரர் ஊர்தி வந்தபோது வாசலில் பந்தல் நாற்காலிகள்தான் இருந்தன. தூக்கி ஏற்ற ஆள் இல்லாமல் டிரைவரும் கிளீனரும் கைகொடுத்தார்கள். முப்பத்தி நாலு வருஷம் அந்த மில்லில் உழைத்த மனுஷனுக்கு.

தனுஷ்கோடி மட்டும் கடைசி நேரத்தில் வந்து குழாயடியில் நின்றான். பக்கத்தில் வரவில்லை. வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனான். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான். அவனை விடப்போவதில்லை.

செப்டம்பர் 7, புதன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்தேன். ஒரு பிரிண்டர், இரண்டு வைரஸ் பிடித்த சிஸ்டம். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.

சும்மா இருந்த நேரத்தில் சங்கத்தின் வெப்சைட்டைப் பிரித்துப் பார்த்தேன். தனுஷ்கோடியின் அக்கா மகன் பெங்களூரில் இருந்துகொண்டு, யாராவது செத்தால் மாமா போன் செய்ததும் பக்கத்தைத் திறந்து கையாலேயே பெயரைச் செருகுகிறான். மகா மட்டமான வேலை. பழைய ஆள் பெயரை அழிக்க மறந்து, ஒரே அம்மாள் இரண்டு முறை செத்திருக்கிறாள்.

அக்கா போன் செய்தாள். சொன்னேன். “விடுடா, அவங்ககிட்ட உனக்கு என்ன” என்றாள். அவள் திருப்பூரில் சுகமாக இருக்கிறாள், அவளுக்கு விட்டுவிடலாம்.

செப்டம்பர் 11, ஞாயிறு

திருநெல்வேலி போய், வெப்சைட் எழுதுகிற PHP மொழிக்குப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். ஹார்ட்வேர்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்துக்கொள்ள வேண்டியது. ஆளுக்கு ஒரு வரி. பெயருக்கும் வயதுக்கும் நடுவே ஒரு நெட்டுக்கோடு, வயதுக்கும் வீட்டு எண்ணுக்கும் நடுவே இன்னொன்று. PHP அந்த ஃபைலை fopen என்று திறக்கும், fgets என்று ஒவ்வொரு வரியாக எடுக்கும், explode என்று கோடு வருகிற இடமெல்லாம் வெட்டும், echo என்று பக்கத்தில் காட்டும். வரி தீர்ந்ததும் மூடிவிடும். நோட்பேடில் ஒரு வரி தட்டத் தெரிந்த யாரும் பக்கத்தை மாற்றிவிடலாம். பெங்களூர் மருமகன் தேவையில்லை.

ஆனால் நடுவில் உட்கார்ந்து எந்த வரியைக் காட்டுவது என்று முடிவு செய்கிறது ஒருத்தன் எழுதின நிரல். அந்த ஒருத்தன் நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

செப்டம்பர் 15, வியாழன்

சங்க ஆபீசுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து “வணக்கம் அண்ணாச்சி” என்று சிரித்தபோது எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மருமகன் வேலை மாறிவிட்டானாம், போனையே எடுப்பதில்லையாம். காலம் கனிந்து வந்திருக்கிறது. டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி தட்டினால் போதும் என்று விளக்கினேன். ஓசியில் செய்து தருகிறேன் என்றேன். தனுஷ்கோடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான், மழை பெய்யவில்லை என்றான், “உங்கப்பா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பெயரைச் சொல்லக்கூட நாக்கு வரவில்லை. பிறகு பாஸ்வேர்டு எழுதின துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அவனுக்கு அப்பாமேல் என்ன காந்தல் என்று எனக்குத் தெரியும். மில்லில் இவன் யூனியன் தலைவனாகக் கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். அப்பா தன் வேலையுண்டு தானுண்டு என்று இருந்து மேஸ்திரி ஆனார். அது பொறுக்கவில்லை.

செப்டம்பர் 24, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும். புதுப் பக்கம் போன வாரம் ஓடத் தொடங்கியது. வரி தட்டுகிற வேலை சங்கத்து டைப்பிஸ்ட் மரியசெல்வத்துக்கு. கெட்டிக்காரி, ஆனால் பழைய டி.டி.பி. கை. நான் யூனிகோடில் தட்டச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இன்று காலை வாட்ச்மேன் முத்தையா இறந்ததும், கை பழகின பாமினி எழுத்திலேயே தட்டி ஏற்றிவிட்டாள். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழ். மற்ற இடத்தில் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. வாசகசாலை ஜன்னலில் பெரிதாக Kj;ijah என்று வந்திருக்கிறது. வயது மட்டும் சரியாக 71.

பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடி, ரஷ்யாக்காரன் எவனோ செத்துப்போனதாகப் பேசிக்கொண்டார்களாம். முத்தையாவின் மகன் கையை ஓங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டான்.

ஓடிப்போய்ச் சரிசெய்தேன். சேவ் செய்யும்போது யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும் என்று அதையும் காட்டிக்கொடுத்தேன். மரியசெல்வம் அழுகிற நிலையில் இருந்தாள். ஆறுதலாக, என் அப்பா பெயர் வராமலே போனதைவிட இது தேவலை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “உங்க அப்பா பேர எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க சார்” என்றாள். அவள் அப்பாவும் மில்லில் இருந்தவர்தான். மேஸ்திரி என்றால் அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது.

செப்டம்பர் 25, ஞாயிறு

முத்தையா வீட்டுக்கு நல்ல கூட்டம். பக்கம் வேலை செய்கிறது.

அக்டோபர் 9, ஞாயிறு

வீட்டை ஒழித்தேன். பரணில் அப்பாவின் சுவர்க் கடிகாரம் கிடைத்தது. கம்பெனி கொடுத்தது. ‘1989 வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு நாளும் தவறாது பணிக்கு வந்தமைக்காக’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது. அந்த வருஷம் நான் திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் ஹாஸ்டல், கோயம்புத்தூர் வேலை என்று வெளியிலேயே போய்விட்டது. அப்பாவோடு இருந்தது கடைசி மூன்று வருஷம்தான். அவர் யார் வீட்டுக்கும் போகமாட்டார், யாரும் வரமாட்டார்கள். வெட்டிப்பேச்சு பிடிக்காத மனுஷன்.

ஊரே வேலையை விட்டபோது அவர் மட்டும் விடவில்லை. துடைத்து ஹாலில் மாட்டினேன். மகிழ்ச்சியாக அக்காவுக்குப் போன் செய்தால் அவள், “அத ஏன்டா எடுத்த, தூக்கித் தூரப் போடு” என்றாள். காரணம் கேட்டேன். குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். பகல் மூன்று மணிக்கு என்ன குக்கர்.

அக்டோபர் 16, ஞாயிறு

ஆபீஸ் பூட்டியிருந்ததால் தனுஷ்கோடி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டிலில் அவன் அம்மா சீனித்தாய் படுத்திருக்கிறாள். வயது தொண்ணூறுக்குப் பக்கம். எழுந்து நடமாடி ஒரு வருஷம் ஆகிறதாம். என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். தனுஷ்கோடி, கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கிழவி கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. சாப்பிட்டேன். அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கியது என்று எழுதவே கூசுகிறது. நல்ல சோறு.

வரும் வழியில்தான் தோன்றியது. என் அப்பாவுக்கு எது நடந்ததோ அது அவன் அம்மாவுக்கும் நடக்கட்டும். அப்போது தெரியும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று.

அக்டோபர் 26, புதன்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. எதிர்வீட்டில் இருந்து பலகாரம் வரவில்லை. துக்க வீடு என்று நினைத்திருப்பார்கள். போன வருஷமும் வரவில்லை.

உட்கார்ந்து எழுதி முடித்தேன். PHP-யில் continue என்று ஒரு சொல் இருக்கிறது. வரிகளைச் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது, ஒரு குறிப்பிட்ட வரியில் இந்தச் சொல்லைச் சொன்னால், ‘இதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ’ என்று அர்த்தம். நான் எழுதியது இதுதான்: எடுத்த வரியில் சீனித்தாய் என்ற பெயர் இருந்தால், continue. ஃபைலில் வரி இருக்கும். மரியசெல்வம் நூறு தடவை திறந்து பார்த்தாலும் இருக்கும். பக்கத்தில் மட்டும் வராது.

கடைச் சிஸ்டத்தில் சோதித்தேன். சீனித்தாய், தொண்ணூறு, நூற்றுப் பதினேழாம் எண் வீடு என்று தட்டினேன். மேல் வரி வந்தது, கீழ் வரி வந்தது, நடுவில் அவள் இல்லை. அழகாக இருந்தது. கிழவி உயிரோடு இருக்கும்போதே இப்படித் தட்டிப் பார்க்கிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். சரியாகிவிட்டது.

அக்டோபர் 30, ஞாயிறு

நிரலைச் சங்கத்துப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 8, செவ்வாய்

சீனித்தாய்க்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் பிள்ளைகள்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்க மாட்டார்கள். கஞ்சி நன்றாக இறங்குகிறதாம். என்ன செய்வது.

நவம்பர் 19, சனி

இந்த மாதம் காலனியில் நான்கு சாவு. மூன்றாம் தெரு ரெஜினா டீச்சருக்கு எடுக்கும் நேரத்தை மரியசெல்வம் தப்பாகத் தட்டிவிட்டாள். கடையைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் மாற்றினேன். அவர் மகன் மும்பையில் இருந்து வந்து முகம் பார்த்துவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். அவனுக்கு என்மேல் என்ன கோபம், எனக்கு அவன்மேல் என்ன கோபம். ஒழுங்காகச் செய்ய வேண்டியதை ஒழுங்காகத்தான் செய்வேன். நான் தனுஷ்கோடி இல்லை.

நவம்பர் 27, ஞாயிறு

சீனித்தாய் என் பெயரைக் கேட்டாள். கோமதிநாயகம் என்றேன். யார் மகன் என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். தனுஷ்கோடி குறுக்கே வந்து, அம்மா, தம்பிக்கு நேரமாகிறது என்று அனுப்பிவிட்டான். அப்பா பெயர் தன் வீட்டில் ஒலிப்பதுகூட அவனுக்கு ஆகவில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

மழை. கடைக்குள் தண்ணீர். இரண்டு மதர்போர்டு போச்சு.

டிசம்பர் 12, திங்கள்

காலை ஆறரைக்கு மரியசெல்வம் போன் செய்தாள். சீனித்தாய் தூக்கத்திலேயே போய்விட்டாளாம். வரியைத் தட்டி ஏற்றிவிட்டாளாம், ஆனால் பக்கத்தில் பெயர் வரவில்லையாம். சர்வர் கோளாறாக இருக்கும், பார்க்கிறேன் என்றேன். குரல் பிசிறாமல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பால் வாங்கப் போனேன். ஜன்னலில் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் இறந்தவர் பெயர்தான் மேலே இருந்தது. நின்று நிதானமாகப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் பால் வாங்கி வந்து நானே காபி போட்டு ருசித்துக் குடித்தேன். பதினொரு மணிக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். குழாயடியில் நிற்பதாகத் திட்டம். அவன் நின்ற மாதிரியே, பக்கத்தில் போகாமல்.

நிற்க இடம் இல்லை.

தெருமுனையில் இருந்தே கூட்டம். சைக்கிள், பைக், வேன், சங்கரன்கோவில் பக்கம் இருந்து ஒரு டவுன் பஸ்ஸே வந்து நின்றிருந்தது. காலனியில் நான் பார்த்தேயிராத கிழவர்கள், பாதிப் பேர் கம்பு ஊன்றிக்கொண்டு. உள்ளே பெண்கள் மாரடித்து அழுவது தெருவுக்குக் கேட்டது. யாராவது நிரலை மாற்றிவிட்டார்களோ என்று வாசகசாலைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பக்கத்தில் பெயர் இல்லை. என் வேலை சரியாகத்தான் நடந்திருந்தது.

திரும்பி வந்து, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பக்கத்தில் போடவே இல்லையே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சீனித்தாய் செத்தது தெரியுறதுக்கு டி.வி.ல வேற போடணுமாக்கும்?” என்றார். ஒருத்தர் சொல்லி ஒருத்தருக்கு விடியும் முன்னே போய்விட்டதாம். இந்தக் காலனியில் எந்தச் சாவும் அப்படித்தானாம். ஜன்னலில் போடுவது நேரம் பார்த்துக்கொள்ள.

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். எண்பத்தி ஒன்பதில் ஸ்ட்ரைக் நடந்தபோது சீனித்தாய்தான் கஞ்சித்தொட்டி வைத்து, வேலை போனவர்களின் வீட்டுக்கெல்லாம் ஊற்றினாளாம். கழுத்தில் கிடந்ததை விற்று அரிசி வாங்கினாளாம். யார் யார் யூனியனில் முன்னால் நிற்கிறார்கள் என்று கூடவே இருந்த ஒருத்தன் மேனேஜரிடம் ஆள் ஆளாகக் காட்டிக்கொடுத்தான், அவன் காட்டிய எல்லோரையும் ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள், அதில் இரண்டு பேர் தூக்கு மாட்டிக்கொண்டார்கள், அந்தக் கருங்காலிக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது என்றார். சொல்லிவிட்டு, நீ யார் மகன் என்று கேட்டார்.

சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து, வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 13, செவ்வாய்

கடை திறக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அக்காவுக்குப் போன் செய்து, உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவள் அழுதாள். அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பிள்ளைகள் கல்லெறிந்ததால்தான் என்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்களாம். நான் நன்றாகப் படிப்பேன் என்பதற்காக அனுப்பினார்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் தனுஷ்கோடியை விட மனம் வரவில்லை. அப்பா செய்தது அப்பாவோடு. செத்தவன் பெயரை ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யாராவது ஒருவர் மனசு மாறி வந்திருக்க மாட்டாரா?

டிசம்பர் 14, புதன்

சாயங்காலம் தனுஷ்கோடி அண்ணாச்சி கடைக்கு வந்தார். மொட்டை அடித்திருந்தார். பதினாறாம் நாளுக்கு வைக்க அம்மாவின் பழைய போட்டோவைப் பெரிதாக்கித் தர வேண்டுமாம். ஸ்கேனரில் வைத்தேன். அதில் அந்த அம்மாள் கரண்டியோடு நிற்கிறாள், பின்னால் பெரிய அண்டா.

பக்கத்தில் அம்மா பெயர் கடைசிவரை வரவில்லை என்று மரியசெல்வம் சொன்னாளாம். வராவிட்டால் என்ன, கூட்டத்துக்குக் குறைவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் வரவிடாமல் செய்தேன் என்றேன். எப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எங்கப்பா பேர நீங்க போடலியே அண்ணாச்சி” என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ போன் பண்ணின உடனே கெளம்பிட்டேன் நாயகம். எல்லாத் தெருவும் நடந்தேன். வீடு வீடாக் கேட்டேன், செத்த பொறவும் என்னத்தக் கணக்கு, வந்து ஒரு கை குடுங்கன்னு. வாரேன்னு ஒருத்தன் சொல்லல. எங்க அம்மாகூட வேண்டாம்னுட்டா. பேரப் போட்டா, இத்தன பேரும் தெரிஞ்சே வரலன்னு உனக்கு வெளங்கிரும். போடாம விட்டா, தெரியாததுனால வரலன்னு நெனச்சுக்கிடுவ. என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறான்னு விட்டுட்டேன்.”

போட்டோ பிரிண்ட் ஆகி வந்தது. வாங்கிக்கொண்டு, ஈரம் காயும்வரை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார்.

டிசம்பர் 15, வியாழன்

continue இருந்த வரியை எடுத்துவிட்டேன். சீனித்தாய் பெயர் பக்கத்தில் வந்துவிட்டது.

மதியம் மரியசெல்வம் போன் செய்தாள். அப்பா பெயரையும் ஒரு வரி தட்டிப் போட்டுவிடட்டுமா என்று அண்ணாச்சி என்னிடம் கேட்கச் சொன்னாராம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.